இரண்டு பாஷைக்காரன்

'துபாஷ்' என்று ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் இருந்தது. நம்முடைய கடற்கரையிலே கப்பல் ஏறி, கம்பெனிக் கணக்குகளிலும் கடிதங்களிலும் வளர்ந்து, ஒரு பெரிய நாவலாசிரியரின் கதையிலும் இடம் பிடித்து, பிறகு சத்தமில்லாமல் மறைந்துபோன வார்த்தை அது. இன்று இங்கிலாந்திலே ஒருவரிடம் அதைச் சொன்னால் விழிப்பார். தமிழிலே துபாஷி என்று சொன்னாலும் பலருக்கு, ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு பட்டம் என்ற அளவில்தான் ஞாபகம் வரும். ஒரு வார்த்தை ஏன் செத்தது என்று விசாரிப்பது பண்டிதர்கள் வேலை என்று நாவல் படிக்கிறவர்கள் நினைக்கக் கூடும். இந்த வார்த்தையைப் பொறுத்தவரையில் அப்படி இல்லை என்பது என் அபிப்பிராயம். இதைக் கெடுத்ததிலே ஒரு நாவலுக்குப் பங்கு உண்டு. காப்பாற்ற முயன்றதிலும் நாவலுக்குப் பங்கு உண்டு.

அர்த்தம் சுலபமானது. த்வி என்றால் இரண்டு, பாஷா என்றால் மொழி. வடமொழியில் த்விபாஷி, ஹிந்துஸ்தானியில் தோபாஷி, தமிழில் துபாஷி, துபாசி, துப்பாசி. இரண்டு பாஷை தெரிந்தவன் என்பதற்கு மேல் அதிலே ஒன்றும் இல்லை. ஆனால் சென்னைப்பட்டணத்து ஆங்கிலேயர்கள் அந்த வார்த்தையைப் பிரயோகித்தபோது மொழிபெயர்ப்பு அதிலே ஒரு சின்னப் பகுதிதான். துறைமுகம் கட்டப்படாத அந்தக் காலத்தில், கப்பலிலிருந்து மசூலாப் படகிலே நனைந்துகொண்டு கரைக்கு வந்து சேர்ந்த வெள்ளைக்கார இளைஞனை முதலில் எதிர்கொள்கிறவன் துபாஷிதான். வீடு பார்த்துக் கொடுப்பான், வேலைக்காரர்களை அமர்த்துவான், பல்லக்குக்கு ஏற்பாடு செய்வான். சம்பளம் போதாத துரைக்கு வட்டிக்குப் பணமும் கொடுப்பான். துரை சொந்தத்தில் வியாபாரம் பண்ணினால் அதற்குத் தரகனும் அவனே, சில சமயம் முதலாளியும் அவனே. கல்கத்தாவில் பனியன் என்று யாரைச் சொன்னார்களோ அவருடைய சென்னை அவதாரம் துபாஷி. யூலும் பர்னலும் 1886ல் வெளியிட்ட 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியிலே இந்த வார்த்தைக்கு ஓர் இடம் உண்டு. பம்பாய் மாதிரித் துறைமுகங்களில் கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர்களின் பெயராக அது பின்னாலும் கொஞ்ச காலம் பிழைத்திருந்தது. பம்பாய்ப் பார்ஸிகளிடையே குடும்பப் பெயராக இன்னமும் இருக்கிறது.

இத்தனை காரியங்களைச் செய்கிறவனை ஒரு சமூகம் நேசிக்காது. கடன் கொடுத்தவனை வாங்கினவன் நேசிப்பதில்லை, ரகசியம் தெரிந்தவனை ரகசியத்துக்கு உடையவன் நேசிப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் துபாஷ் என்றால் ஏமாற்றுக்காரன், சூழ்ச்சிக்காரன் என்ற சாயல் ஏறிவிட்டது.

இதற்குச் சாட்சியம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்காகப் பெயர் பெற்றிருக்கிற சிறுசேரியும், அதைச் சுற்றியுள்ள செங்கற்பட்டுச் சீமையும், அந்தக் காலத்துக் கம்பெனி தஸ்தாவேஜுகளில் 'ஜாகீர்' என்ற பெயரில் வரும். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763ல் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த பிரதேசம் அது. பட்டணத்துத் துபாஷிகள் சம்பாதித்த பணத்தைக் கொண்டு இந்தச் சீமைக் கிராமங்களிலே மிராசு பாத்தியதை வாங்கினார்கள். 1794 முதல் 1798 வரையில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற துரைக்கு அது கண்ணில் விழுந்த மணல் மாதிரி உறுத்திற்று. தம்முடைய வரி ஏற்பாட்டுக்குக் கிராமங்களில் எதிர்ப்புக் கிளம்பினபோதெல்லாம், இது பட்டணத்துத் துபாஷிகளின் தூண்டுதல் என்று மேலே எழுதினார். அதிலே உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் வரி அதிகமாக இருந்தால் குடியானவனுக்கு வயிறு எரியும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு துபாஷி தேவையில்லை. துரைக்கும் குடியானவனுக்கும் நடுவில் ஒருவன் நின்றான். நடுவில் நின்றவன் மேல் பழியைப் போடுவது இரண்டு பக்கத்துக்குமே சௌகரியமாக இருந்தது.

லண்டனிலும் இதே சௌகரியந்தான். 1788ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றம் சாட்டி ஆரம்பப் பேச்சுப் பேசிய எட்மண்ட் பர்க், வெள்ளைக்கார எஜமானன் தன்னுடைய பனியன் கையிலே வெறும் கருவியாகிவிடுகிறான் என்ற பொருளில் விஸ்தாரமாகப் பேசினார். பர்க் நியாயஸ்தர், இந்தியர்களுக்காகக் கண்ணீர் விட்டவர். அவருக்கே நடுவில் நின்றவன்தான் முதலில் கண்ணில் பட்டான்.

இந்த மனோபாவத்தைக் கதையாக்கினவர் ஸர் வால்டர் ஸ்காட். 1827ல் வெளிவந்த 'கானன்கேட் கதைகள்' என்ற வரிசையில் 'வைத்தியர் மகள்' என்று ஒரு சிறிய நாவல் எழுதினார். அதற்கு முந்திய வருஷம் அவருடைய பிரசுரகர்த்தர்கள் திவாலாகி, கடன் சுமை முழுவதும் அவர் தலையில் விழுந்திருந்தது. எழுதித்தான் கடனை அடைக்க வேண்டும் என்ற நிலைமை. ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்தியாவில் இருந்துவிட்டு வந்த ஒரு கர்னலிடம் விஷயம் கேட்டு எழுதியதை, பெயிஸ்லி ஊர் நெசவாளிகள் கொஞ்சம் திபேத்துக் கம்பளி கலந்து காஷ்மீர் சால்வை நெய்வதுபோல என்று கதைசொல்லியின் வாயிலாகத் தாமே கேலி செய்துகொண்டிருக்கிறார்.

கதை இதுதான். ஸ்காட்லாந்துக் கிராமத்து வைத்தியரின் மகள் மெனி கிரே. அவளுடைய காதலன் ரிச்சர்ட் மிடில்மாஸ் இந்தியாவுக்கு ஓடிப்போய், பதவிக்கு ஆசைப்பட்டு அவளைத் திப்புவின் அந்தப்புரத்துக்கு விற்பதற்குத் திட்டம் போடுகிறான். ஹைதர் அலி கடைசி நேரத்தில் பக்கீர் வேஷத்தைக் கலைத்து வெளிப்பட்டு அவளை விடுவிக்கிறார். மிடில்மாஸ் யானைக் காலில் மிதிபட்டுச் சாகிறான். இந்தச் சூழ்ச்சியிலே பங்காளியாகச் சென்னையில் ஒருவன் வருகிறான். கவர்னருடைய துபாஷ், பெயர் பாப்பையா. சுதேச தர்பார்களோடு கவர்னர் வைத்துக்கொள்ளும் தொடர்பெல்லாம் அவன் மூலமாகத்தான். அவனை ஸ்காட் கிழக்கத்திய மாக்கியவெல்லி என்கிற ரீதியிலே அறிமுகம் செய்துவைக்கிறார். அறிமுகத்தோடு பாத்திர சிருஷ்டி முடிந்துவிடுகிறது.

பாப்பையா கற்பனைப் பெயர் அல்ல. 1789 பிப்ரவரியிலிருந்து ஒரு வருஷம் சென்னைக் கவர்னராக இருந்த ஜான் ஹாலண்டின் துபாஷி அவதானம் பாப்பையா. ரெவின்யூ போர்டு அங்கத்தினரான டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற துரையைக் கவிழ்ப்பதற்காகப் பொய்ப் பிரமாணங்கள் தயார் செய்தார் என்று அவர்மீதும் கூட்டாளிகள் மீதும் 1792ல் சென்னையிலே வழக்கு நடந்து, குற்றம் ருசுவாகித் தண்டனை ஆயிற்று. விசாரணை நடவடிக்கைகள் 1793ல் புத்தகமாக அச்சாயின. பெயரும் தொழிலும் எஜமானனின் உத்தியோகமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தால், ஸ்காட்டின் பாப்பையா அந்தப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவன் என்றுதான் கொள்ள வேண்டும். ஆனால் கதையிலே ஹைதர் உயிரோடு இருக்கிறார். ஹைதர் இறந்தது 1782ல். பாப்பையா ஒரு கவர்னரின் நிழலில் அதிகாரம் செலுத்தியது அதற்கு ஏழு வருஷம் கழித்து. ஒரு காலத்துச் சூழ்ச்சிக்காரனை இன்னொரு காலத்துக் கதையிலே ஸ்காட் நட்டுவிட்டார்.

சரித்திர நாவலாசிரியனுக்கு வருஷக் கணக்கிலே கொஞ்சம் சலுகை உண்டு. அதற்காக நான் ஸ்காட்டைக் குறை சொல்லவில்லை. என் குறை வேறு. உண்மைப் பாப்பையாவின் வழக்கிலே ஒரு நல்ல நாவலுக்கு வேண்டிய விஷயம் இருந்தது. ஹாலிபர்ட்டனை நீக்க ஆசைப்பட்டவர்களில் பாப்பையா மட்டும் இல்லை. கவர்னருக்கும் அவருடைய சகோதரர் எட்வர்டுக்கும் அதிலே பங்கு இருந்தது. அவர்கள் தப்பிப் போனார்கள், துபாஷி சிறைக்குப் போனார். எஜமானன் நினைத்ததை வேலைக்காரன் செய்தானா, வேலைக்காரன் நினைத்ததை எஜமானன் செய்தானா என்ற கேள்வியைத் தொட்டிருந்தால் போதும், பாப்பையா மனிதனாகியிருப்பான். ஸ்காட் தொடவில்லை. இரண்டு பாஷை தெரிந்தவன் என்ற அர்த்தத்தை இரட்டை நாக்குக்காரன் என்று வாசித்துவிட்டார். அந்த இரண்டும் ஒன்றல்ல.

இதிலே ஆச்சரியம் என்னவென்றால், இதைப் புரிந்துகொள்வதற்கு ஸ்காட்டைவிடத் தகுதியான எழுத்தாளர் அன்று ஐரோப்பாவிலேயே இல்லை. அதே 'கானன்கேட்' வரிசையில் 'இரண்டு மாட்டு வியாபாரிகள்' என்று ஒரு கதை இருக்கிறது. மலைநாட்டுக் கேலிக் மொழிக்காரனான ராபின் ஆய்க் என்ற மாடோட்டி, இங்கிலாந்து நண்பன் ஒருவனோடு சண்டை வந்து அவனைக் குத்திக் கொன்றுவிடுகிறான். ஆங்கிலேயனுக்கு அது கைகலப்பில் தீர்ந்துபோகிற விஷயம். மலைநாட்டானுக்கு மானம் போகிற விஷயம். இரண்டு தர்மங்கள், இரண்டு மொழிகள், நடுவில் ஒரு பிணம். அந்தக் கொலைகாரனை எத்தனை பரிவோடு ஸ்காட் எழுதியிருக்கிறார்! மலைநாட்டாரின் வாழ்வையும் மானத்தையும் லண்டன் வாசகர்களுக்குப் புரியவைத்து, அதிலே பணமும் புகழும் சம்பாதித்தவர் அவர். அந்த வகையிலே அவரே ஒரு துபாஷிதான். தம் ஊரில் தம்மைப் போலவே நடுவில் நின்றவனைக் கண்டுகொண்டவர், சென்னையிலே நின்றவனைக் கண்டுகொள்ளவில்லை. கம்பளி இரவல் வாங்கலாம், அனுதாபத்தை இரவல் வாங்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

துபாஷிக்கு உள்ளே ஒரு மனம் இருந்தது என்று எப்படித் தெரியும்? ஒரு துபாஷி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சென்னைப் பெரம்பூரில் 1709ல் பிறந்து, புதுச்சேரிக்குப் போய், 1747ல் டூப்ளேயின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, 1736லிருந்து 1761ல் தாம் சாகிற வரையில் நாட்குறிப்பு எழுதினார். பேச்சுத் தமிழிலே, பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஏற்றி எழுதினார். எந்தத் துரைக்கு எத்தனை பீரங்கி முழங்கிற்று, யார் என்ன நஜர் கொடுத்தார்கள், சரக்கு என்ன விலைக்குப் போயிற்று என்று ஒளிக்காமல் எழுதினார். 1846ல் அது கண்டெடுக்கப்பட்டது. 1904லிருந்து 1928 வரையில் ஆங்கிலத்திலே பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது.

1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயம், வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. ஏசு சபைப் பாதிரிகளும் டூப்ளேயின் மனைவியும் வெகு நாளாய் விரும்பின காரியம் அது. ஊர்த் தலைவர்கள் பிள்ளையிடம் வந்து முறையிட்டார்கள். அவரால் தடுக்க முடியவில்லை. துரையிடம் ஊராரின் மனசைச் சொல்ல வேண்டும், ஊராரிடம் துரையின் முடிவைச் சொல்ல வேண்டும். ஊரார் கண்ணுக்கு அவர் துரையின் ஆள். துரையின் கண்ணுக்கு அவர் ஊராரின் ஆள். அந்த நாட்களின் குறிப்பிலே இயலாமையும் கசப்பும் இருக்கின்றன, ஊரார் ஒற்றுமையில்லாதவர்கள் என்ற கோபமும் இருக்கிறது. மறுநாள் அவர் உத்தியோகத்துக்குப் போகிறார். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்தக் கஷ்டந்தான் இலக்கியம்.

இதை நாவலாக்கினவர் புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன். 1990ல் 'மானுடம் வெல்லும்', 1993ல் 'வானம் வசப்படும்'. இரண்டாவதற்கு 1995ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு, கவர்னர் முதல் தாசி வரை, அடிமையாக விற்கப்பட்டவன் வரை, ஒரு ஊரையே கண்முன் நிறுத்திக் காட்டினார். அரசர்களும் குதிரைகளும் இல்லாமல் தமிழிலே சரித்திர நாவல் சாத்தியம் என்று நிரூபித்ததற்கே அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஸ்காட் கொடுக்க மறந்த மனசை அவர் துபாஷிக்குக் கொடுத்தார். ஆனால் ஒன்று எனக்குக் குறையாகப் பட்டது. துபாஷி சரியாகத் துபாஷியாக இருக்கிற அந்த ஒரு க்ஷணம், ஒரு பாஷையில் கேட்டதை இன்னொரு பாஷையில் சொல்ல வாய் திறக்கிற க்ஷணம், நாவல்களில் போதிய அளவு இல்லை. துரை திட்டுகிறார். அப்படியே சொன்னால் கலகம், மாற்றிச் சொன்னால் துரோகம். அவன் எந்த வார்த்தையைத் தேர்ந்தெடுக்கிறான்? அந்தத் தொழிலின் தர்மமும் அதர்மமும் அங்கேதான் இருக்கின்றன.

நம் ஊருக்கு மட்டும் உரிய கதி அல்ல இது. துருக்கி சாம்ராஜ்யத்தில் ஐரோப்பியத் தூதர்களுக்கு மொழிபெயர்த்தவர்களை ட்ராகோமான் என்றார்கள். சீனத் துறைமுகங்களில் தரகர்களைக் காம்ப்ரடார் என்றார்கள். இரண்டாவது வார்த்தை பின்னால் அரசியல் வசவாகவே ஆகிவிட்டது. இலங்கையிலே சிங்களத்தில் 'துப்பஹி' என்று ஒரு சொல் உண்டு. கலப்பு ரத்தக்காரன், தன் கலாசாரத்தை விட்டவன் என்று ஏளனமாகச் சொல்வதற்கு அது. நம்முடைய துப்பாசிதான் அப்படி ஆயிற்று என்று கருதுகிறார்கள். இரண்டு மொழி தெரிந்தவன் என்பது எப்படி எந்த இனத்துக்கும் சேராதவன் என்று ஆயிற்று பாருங்கள்!

இதற்கு எதிர்ச் சாட்சியும் உண்டு. பச்சையப்ப முதலியாரும் துபாஷித் தொழிலில்தான் பொருள் சேர்த்தார். நாற்பது வயசிலே 1794ல் காலமானார். அவர் தர்மத்துக்கு வைத்த பணத்திலிருந்து 1842ல் பள்ளிக்கூடம் ஏற்பட்டு, பிறகு கல்லூரியாயிற்று. அவதானம் பாப்பையாவின் பெயரும் சூளையிலே அவதான பாப்பையர் சாலையாக இருக்கிறது. சென்னை நகரம் இருவரையும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆங்கில பாஷைதான் அவர்களின் தொழிற்பெயரை மறந்துவிட்டது.

ஏன் மறந்தது? வசவு ஏறிவிட்டது ஒரு காரணம். அதற்கு மேலே இரண்டு காரணங்கள் உண்டு. 1812ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டு, கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தமிழும் தெலுங்கும் படிக்க ஆரம்பித்தார்கள். 1835ல் மெக்காலே தம்முடைய பிரசித்தமான குறிப்பிலே, ஆள்கிறவர்களுக்கும் ஆளப்படுகிற கோடிக்கணக்கானவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கக்கூடிய ஒரு வகுப்பையே உண்டாக்க வேண்டும் என்றார். துரைக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது, நமக்கு நிறைய இங்கிலீஷ் வந்தது. துபாஷி என்ற தனி ஆள் தேவையில்லாமல் போனான். தொழில் போகவில்லை. ஒருவன் செய்ததை ஒரு வகுப்பே செய்ய ஆரம்பித்தது. எல்லோரும் துபாஷியான பிறகு யாரைத் துபாஷி என்று கூப்பிடுவது?

அந்த வகுப்பு யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைச் சேர்ந்தவர்கள். பிளேஸ் துரை துபாஷிகளைச் சபித்த அதே ஜாகீரிலே, இன்று சிறுசேரியை நோக்கிக் காலை வேளைகளில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்ணும் பையனும் கடல் கடந்த வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று ஓர் இங்கிலீஷிலே கேட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தமிழும் இங்கிலீஷும் கலந்து சொல்லி, ராத்திரி வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு இன்னொரு தமிழில் தங்கள் வேலையை விளக்கப் பார்க்கிறவர்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டதை அப்படியே சொல்வதா, பதமாகச் சொல்வதா என்று அவர்களும் தினம் யோசிக்கிறார்கள். அவர்கள் கவர்னர் வீட்டுத் துபாஷி அல்ல, யாருக்கும் வட்டிக்குக் கடன் கொடுப்பதும் இல்லை. ஆனால் அந்த ஒரு க்ஷணம் அவர்களுடையது. பிள்ளைக்குத் தெரிந்த க்ஷணம், ஸ்காட்டுக்குத் தெரியாத க்ஷணம்.

ஆகவே ஸ்காட்டின் பாப்பையாவைப் படிக்கும்போது, எவனோ ஒரு பழைய வில்லன் என்று நாம் புரட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. நம்மைப் பற்றி ஒருவர் எழுதிய தப்பான மொழிபெயர்ப்பு அது. அதைத் திருத்துவது விமரிசகன் வேலை மட்டுமல்ல, நாவலாசிரியன் வேலை. பிள்ளை நாட்குறிப்பு எழுதித் திருத்தினார், பிரபஞ்சன் பாதித் தூரம் வந்தார். ஆங்கிலத்திலே அந்த வார்த்தை செத்தால் சாகட்டும், அதற்காக நாம் அழ வேண்டியதில்லை. தமிழிலே துபாஷிக்கு இன்னும் ஒரு நாவல் பாக்கி இருக்கிறது.